மூன்று கிளர்ச்சிகளும் ஒரு நிர்வாகியும்: எம். பக்தவத்சலத்தின் அரசியல் வாழ்வு பற்றிய நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டின் கடைசி காங்கிரஸ் முதலமைச்சர் என்ற ஒற்றை அடையாளத்துக்குள் எம். பக்தவத்சலத்தின் வாழ்வு இன்று அடங்கிவிட்டது. அவருக்கு முன்னிருந்த காமராஜரைப் பற்றியும் பின்வந்த அண்ணாவைப் பற்றியும் நூலகமே நிரம்பும் அளவுக்கு எழுதப்பட்டிருக்க, இடையில் மூன்றரை ஆண்டுகள் ஆண்டவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் 1965ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் நடந்த துப்பாக்கிச் சூடுகளோடு முடிந்துவிடுகிறது. அந்தச் சூடுகளை மறைப்பதோ நியாயப்படுத்துவதோ இந்த ஆய்வின் நோக்கம் அன்று. 1937 முதல் 1967 வரை, சிறைவாசமும் ஒரு தேர்தல் தோல்வியும் ஏற்படுத்திய இடைவெளிகளைத் தவிர, ஏதேனும் ஒரு பொறுப்பில் அரசுக்குள்ளேயே இருந்த ஒருவர், கோப்பும் சட்டமும் தெரிந்தவர் என்று எதிர்க்கட்சியினராலும் ஒப்புக்கொள்ளப்பட்டவர், தன் அரசியல் வாழ்வின் உச்சத்தில் மக்களின் மனநிலையை அவ்வளவு தவறாகக் கணித்தது எப்படி என்பதே இங்கு கேள்வி. அனுபவக் குறைவு அதற்குக் காரணமன்று. அவருடைய அனுபவமே அவரைத் தவறான முடிவுக்கு இட்டுச் சென்றது என்பது என் கருத்து.

பக்தவத்சலம் 1897 அக்டோபர் 9 அன்று, பூந்தமல்லியை அடுத்த நசரத்பேட்டையில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்த அவரை வளர்த்தது தாய்மாமன்மார் குடும்பம். அவர்களில் சி.என். முத்துரங்க முதலியார் அன்றைய தமிழ்நாட்டுக் காங்கிரசின் முன்னணித் தலைவர்களுள் ஒருவர். சென்னையில் சட்டம் படித்து வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டாலும், மருமகனின் நாட்டம் இளமையிலேயே காங்கிரஸ் பணியில் இருந்தது. ‘இந்தியா’ என்ற நாளிதழை 1933 வரை நடத்தினார். 1930இல் ராஜாஜி தலைமையில் நடந்த வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் பங்கேற்றார். 1932இலும், தனிநபர் சத்தியாகிரகத்தின்போதும், 1942இலும் சிறை சென்றார். தேசிய இயக்கம் வளர்த்த தலைவர்களில் கூட்டம் சேர்ப்பவர்கள் உண்டு, கட்சியைக் கட்டுபவர்கள் உண்டு, அலுவலக மேசையில் அமர்ந்து வேலையை முடிப்பவர்களும் உண்டு. பக்தவத்சலம் மூன்றாம் வகையைச் சேர்ந்தவர். மேடைப் பேச்சில் அவருக்குப் பெயர் கிடையாது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

1937 தேர்தலில் திருவள்ளூரிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்வான அவர், ராஜாஜி அமைச்சரவையில் உள்ளாட்சித் துறை அமைச்சரின் சட்டமன்றச் செயலாளரானார். ஆட்சி என்றால் என்ன என்பதை அவர் முதலில் கற்றது அங்கேதான். அந்த ஆட்சி 1938 ஏப்ரலில் 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. அதை எதிர்த்துப் போராடிய பெரியார் உள்ளிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். நடராசனும் தாளமுத்துவும் சிறையிலிருந்தபோது நோயுற்று 1939இல் இறந்தனர். ஆயினும் அமைச்சரவை பணியவில்லை. 1939 அக்டோபரில் அது பதவி விலகியதற்கு உலகப் போரே காரணம், இந்தி அன்று. கட்டாய இந்தி ஆணையை 1940 பிப்ரவரியில் திரும்பப் பெற்றவர் ஆளுநர் எர்ஸ்கின். அரசுக்குள் இருந்து இதைப் பார்த்த நாற்பது வயதுக்காரர் ஒருவருக்கு, உறுதியாக நின்றால் கிளர்ச்சியைத் தாங்கிவிடலாம் என்ற முடிவு எளிதாகவே கிடைத்திருக்கும்.

இரண்டாவது பாடம் 1948இல் வந்தது. அப்போது ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அமைச்சரவையில் பக்தவத்சலம் பொதுப்பணித் துறை அமைச்சர். பள்ளிகளில் இந்தியை மீண்டும் கொண்டுவர அந்த அரசு முயன்றபோது பெரியாரும் அண்ணாவும் எதிர்ப்பை முன்னின்று நடத்தினர். மறியல், கைது, பேச்சு, தளர்வு என்று அது நீண்டு, இந்தி விருப்பப் பாடமாக மாறியதும் ஓய்ந்தது. இம்முறையும் அரசு கவிழவில்லை. ஆக, 1963இல் முதலமைச்சர் நாற்காலியில் அமர்ந்தபோது, இந்தி எதிர்ப்பை இரண்டு முறை அரசுத் தரப்பிலிருந்தே பார்த்துவிட்ட ஒருவராக அவர் இருந்தார்.

இடையில் 1952 பொதுத் தேர்தலில் அவர் தோற்றார் என்பதை இங்கே குறிக்க வேண்டும். முதலமைச்சர் குமாரசாமி ராஜா உட்பட அமைச்சர்கள் பலர் தோற்ற தேர்தல் அது. 1954இல் ராஜாஜி விலகியபின் நடந்த தலைமைப் போட்டியில் பக்தவத்சலம் காமராஜருக்கு எதிராக நின்ற சி. சுப்பிரமணியத்தின் பக்கம் இருந்தார். போட்டியில் வென்ற காமராஜர் இருவரையுமே தன் எட்டுப் பேர் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். காமராஜரின் பெருந்தன்மைக்கு இதைச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அவருடைய கணக்குக்கும் இது சான்று என்றே நான் கருதுகிறேன். கட்சியையும் மக்களையும் தான் பார்த்துக்கொள்ள, சட்ட வரைவையும் கோப்பையும் பார்க்க அவருக்கு ஆள் தேவைப்பட்டது. வேளாண்மை, பிறகு உள்துறை, பிறகு நிதியும் கல்வியும் என்று ஒன்பது ஆண்டுகள் பக்தவத்சலம் அந்த வேலையைக் குறையின்றிச் செய்தார். கோயில் நிர்வாகத்திலும் அவருக்குத் தனி ஈடுபாடு இருந்தது. இன்றும் நடைமுறையில் உள்ள 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் அந்த அரசின் காலத்தது.

உள்துறை அமைச்சராக இருந்த 1957இல், சாதி மோதலாக வெடித்த முதுகுளத்தூர்க் கலவரம் அவர் முன் வந்தது. செப்டம்பர் 11 அன்று ஒடுக்கப்பட்டோர் தலைவர் இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டார்; அடுத்த சில நாட்களில் கீழத்தூவலில் போலீசார் சுட்டதில் ஐந்து பேர் இறந்தனர்; அந்த மாத இறுதியில் முத்துராமலிங்கத் தேவர் தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ் கைதானார். அந்த நிகழ்வின் சரி தவறுகள் தனி ஆய்வுக்கு உரியவை. நம் கேள்விக்குத் தேவையானது ஒன்றே: முன்கூட்டிய கைது, காவல்துறையைக் குவிப்பது, சட்டமன்றத்தில் அரசின் நடவடிக்கையை விட்டுக்கொடுக்காமல் வாதிடுவது என்ற வழிமுறையை அவர் அங்கேயும் கையாண்டார். அரசு நிலைத்தது.

மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்ற காமராஜர் திட்டத்தின்படி காமராஜரே பதவி விலகியதும், 1963 அக்டோபர் 2 அன்று பக்தவத்சலம் முதலமைச்சரானார். சி. சுப்பிரமணியம் 1962லேயே மத்திய அமைச்சரவைக்குப் போய்விட்டதால், மூத்தவர் என்ற முறையில் அவருக்குப் பெரிய போட்டி இல்லை. ஆனால் காமராஜர் விலகியதோடு ஆட்சியின் ஒரு கால் போய்விட்டது. ஒன்பது ஆண்டுகள் ஒருவர் ஊர் ஊராகச் சுற்றி மக்கள் பேச்சைக் காதில் வாங்க, மற்றவர் கோட்டையில் இருந்து நிர்வகித்த ஏற்பாடு அது. 1964 ஜனவரி முதல் காமராஜர் காங்கிரசின் அகில இந்தியத் தலைவராகி டெல்லியில் மூழ்கிய பிறகு, மக்கள் பேச்சைக் கேட்டுச் சொல்லும் இடத்தில் ஆளில்லை.

இந்தப் போதாமை முதலில் தெரிந்தது மொழிப் பிரச்சினையில் அன்று, கன்னியாகுமரியில். விவேகானந்தர் நூற்றாண்டான 1963இல் கடல் பாறை மீது நினைவிடம் எழுப்பும் கோரிக்கையும், அதற்கு உள்ளூர் மீனவக் கத்தோலிக்கர்களின் எதிர்ப்பும் மோதின. அமைதி கெடும் என்று பக்தவத்சலம் அனுமதி மறுத்தார். நினைவிடக் குழுவின் அமைப்பாளர் ஏக்நாத் ரானடே டெல்லி சென்று 323 நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கி வந்ததும் முதல்வர் இறங்கி வந்தார். அப்போதும் முதலில் ஒப்புக்கொண்டது பதினைந்து அடிக்குப் பதினைந்து அடி கொண்ட ஒரு சிறு கட்டடத்துக்கே. பின்னர் பெரிதாகக் கட்டப்பட்ட அந்த மண்டபம் 1970இல் திறக்கப்பட்டது. முதலில் மறுப்பது, அழுத்தம் வந்தபின் அளந்து கொடுப்பது என்ற இந்தப் போக்கு ஒரு பாறை விஷயத்தில் பெரிய சேதத்தை உண்டாக்கவில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் போன்ற இடர்களில் அவருடைய நிர்வாகம் தன் கடமையைச் செய்தது; அத்தகைய வேலையில் அவரைக் குறைசொல்ல அதிகம் இல்லை.

மொழிக்கு வருவோம். அரசமைப்புச் சட்டம் விதித்த பதினைந்து ஆண்டுக் கெடு 1965 ஜனவரி 26 அன்று முடிந்து இந்தி மட்டுமே ஆட்சிமொழியாக இருக்க வேண்டும். 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் அதன்பிறகும் ஆங்கிலம் தொடர்வதை அனுமதித்தது, உறுதி செய்யவில்லை. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் இருக்கும் என்ற நேருவின் வாக்குறுதி அந்தச் சட்டத்தில் இடம்பெறவில்லை, 1964 மே மாதம் நேருவும் மறைந்துவிட்டார். இந்த அச்சம் கட்சி அரசியலுக்கு அப்பாற்பட்டது. மத்திய அரசு வேலைக்கு ஆங்கிலத்தில் தேர்வெழுதத் தயாராகிக்கொண்டிருந்த ஒவ்வொரு கல்லூரி மாணவரின் பிழைப்போடும் அது ஒட்டியது. இந்த மாணவர்களில் பெரும்பகுதியினர் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். காமராஜர் ஆட்சி திறந்த பள்ளிகளில் படித்து மேலே வந்த, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகள் அவர்களில் ஏராளம். தான் உருவாக்கிய தலைமுறையையே காங்கிரஸ் அரசு அடையாளம் காணவில்லை.

இத்தகைய சூழலில், 1964 மார்ச்சில் சட்டமன்றத்தில் தமிழ், ஆங்கிலம், இந்தி என்ற மும்மொழித் திட்டத்தை பக்தவத்சலம் பரிந்துரைத்தார். அதற்கு ஆறு வாரங்களுக்கு முன், ஜனவரி 25 அன்று, கீழப்பழுவூர் சின்னசாமி இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியில் தீக்குளித்து இறந்திருந்தார். இந்த இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறு விளக்கம் தேவையில்லை.

1965 குடியரசு நாளைத் துக்க நாளாகக் கடைப்பிடிக்கப் போவதாக தி.மு.க. அறிவித்தது. குடியரசு நாளின் புனிதத்தைக் கெடுக்க அரசு இடங்கொடாது, மாணவர்கள் அரசியலில் இறங்கினால் கடும் நடவடிக்கை என்று முதல்வர் எச்சரித்தார். துக்க நாளை தி.மு.க. ஒருநாள் முன்னே தள்ளியது. ஜனவரி 25 அன்று அண்ணாவும் கட்சியினர் சுமார் மூவாயிரம் பேரும் முன்னெச்சரிக்கையாகக் கைது செய்யப்பட்டனர். 1938இன் வழிமுறைதான். தலைவர்களை உள்ளே வைத்தால் இயக்கம் அடங்கும் என்பது அதன் அடிப்படை. ஆனால் இம்முறை இயக்கத்தின் உயிர் கட்சித் தலைவர்களிடம் இல்லை, கல்லூரி விடுதிகளில் இருந்தது. மாணவர்கள் தங்களுக்கெனத் தனிப் போராட்டக் குழு அமைத்திருந்தனர். கட்சித் தலைவர்கள் சிறைக்குள் போனதால், அவர்களைக் கட்டுப்படுத்தக்கூடிய சில குரல்களும் வெளியில் இல்லாமல் போயின.

அதே ஜனவரி 25 அன்று சென்னையில் சுமார் ஐம்பதாயிரம் மாணவர்கள் சிந்தாதிரிப்பேட்டை நேப்பியர் பூங்காவிலிருந்து புனித ஜார்ஜ் கோட்டைக்கு ஊர்வலமாகச் சென்றனர். அவர்கள் கையில் இருந்தது முதலமைச்சருக்கு ஒரு மனு. முதலமைச்சரைச் சந்தித்து அதைக் கொடுக்க முடியாமல் அவர்கள் திரும்பினர். மனுவை வாங்கியிருந்தால் கிளர்ச்சியே நடந்திருக்காது என்று சொல்வது மிகை. அன்றே மதுரையில் மாணவர் ஊர்வலம் காங்கிரஸ் அலுவலகம் அருகே கைகலப்பில் முடிந்து, கலவரம் பற்றிக்கொண்டது. என்றாலும் மாணவர்களை அரசோடு பேசவேண்டிய ஒரு தரப்பாகவே முதல்வர் கருதவில்லை என்பதை அந்த மதியம் கோட்டை வாசலில் ஐம்பதாயிரம் பேரும் நேரிலேயே பார்த்துவிட்டனர்.

பின் நடந்தவை பலரும் அறிந்தவை. கோடம்பாக்கம் சிவலிங்கமும் விருகம்பாக்கம் அரங்கநாதனும் அடுத்தடுத்த நாட்களில் தீக்குளித்தனர். ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பிப்ரவரியில் கிளர்ச்சி மாணவர்களைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. ரயில்களும் அஞ்சலகங்களும் தாக்கப்பட்டன. திருப்பூரில் போலீசார் எரித்துக் கொல்லப்பட்டனர். பொள்ளாச்சியில் ராணுவமும் இறங்கியது. இறந்தவர்கள் சுமார் எழுபது பேர் என்பது அரசுக் கணக்கு; உண்மை அதைவிட அதிகம் என்று அன்றே சொல்லப்பட்டது. காவலர்களை உயிரோடு எரிக்கும் கூட்டத்தின் முன் எந்த அரசும் கைகட்டி நிற்க முடியாது என்பதை மறுப்பதற்கில்லை. பக்தவத்சலத்தின் தவறு பிப்ரவரியில் சுட்டதில் மட்டும் இல்லை. அதற்கு முந்தைய மாதங்களில் அவர் மாணவர்களோடு பேசாமல் இருந்ததில் அது தொடங்குகிறது.

இங்கே ஒப்பிட்டுப் பார்க்கச் சிலர் உண்டு. மத்திய அமைச்சர்களான சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் பிப்ரவரி 11 அன்று பதவி விலகல் கடிதம் கொடுத்தனர். அன்றிரவே லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் வாக்குறுதி காக்கப்படும் என்று அறிவித்தார். காமராஜரும் இந்தி பேசாத மாநிலங்களின் காங்கிரஸ் தலைவர்கள் சிலரும் இந்தித் திணிப்பு கூடாது என்று முன்னரே சொல்லியிருந்தனர். ஆக, தமிழ்நாட்டின் கவலையை டெல்லிக்கு எடுத்துச் சொல்லும் வேலையை டெல்லியில் இருந்த தமிழர்கள் செய்தார்கள். சென்னையில் இருந்த முதலமைச்சர் டெல்லியின் கொள்கையைத் தமிழ்நாட்டுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒப்பிட வேண்டிய இன்னொருவர் ராஜாஜி. 1938இல் இந்தியைக் கட்டாயமாக்கிய அதே மனிதர் 1965இல் இந்தித் திணிப்பின் கடும் எதிரி. குரு தன் நிலையை மாற்றிக்கொண்டார். வேதாரண்யத்தில் உடன் நின்ற சீடர் மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றாமல் நின்றதைக் கொள்கை உறுதி என்று பாராட்டுவோரும் உண்டு. மாநில முதல்வர் என்ற பொறுப்புக்கு அது போதாது என்பதே என் கணிப்பு.

மொழிக் கோபம் தணியுமுன் அரிசி வந்து சேர்ந்தது. 1964-65இல் சுமார் 8.9 கோடி டன்னாக இருந்த நாட்டின் உணவு தானிய விளைச்சல், வறட்சியால் மறு ஆண்டில் சுமார் 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. 1966 ஜூனில் ரூபாய் மதிப்பு குறைக்கப்பட்டதும் விலைகள் மேலும் ஏறின. இதில் எதுவும் ஒரு மாநில முதல்வரின் கையில் இல்லை. ஆனால் கடைவாசலில் நிற்பவருக்கு அந்த வேறுபாடு எதற்கு? 1952இல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை ஒரே அறிவிப்பில் நீக்கி மக்களிடம் பெயர் வாங்கியதை நினைவில் வைத்திருந்த தலைமுறைக்கு முன், பக்தவத்சலம் பற்றாக்குறைக்கான காரணங்களை விளக்கிக்கொண்டிருந்தார். தி.மு.க. ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்றது. ‘பக்தவத்சலம் அண்ணாச்சி, அரிசி விலை என்னாச்சு?’ என்று தெருவில் பிள்ளைகள் கோஷமிட்டார்கள். புள்ளிவிவரம் வைத்திருந்தவருக்கு அந்த ஒருவரிக் கேள்விக்குச் சொல்ல ஒருவரிப் பதில் இல்லை.

1967 பிப்ரவரித் தேர்தலில் ஸ்ரீபெரும்புதூரில் டி. ராஜரத்தினத்திடம் பக்தவத்சலம் தோற்றார். விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்த பெ. சீனிவாசன், இரண்டாண்டுகளுக்கு முன் மொழிப் போராட்டத்தில் நின்ற மாணவர் தலைவர். 1962இல் 206க்கு 139 இடங்கள் பெற்றிருந்த காங்கிரஸ், 234 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் ஐம்பதை ஒட்டிய எண்ணிக்கைக்கு இறங்கியது. இந்தத் தோல்வியைப் படிக்கும்போது வாக்கு விகிதத்தையும் பார்க்க வேண்டும். காங்கிரஸ் பெற்ற வாக்கு 46 சதவீதத்திலிருந்து 41 சதவீதத்துக்குக் குறைந்தது, அவ்வளவே; தி.மு.க. தனியாகப் பெற்றதும் ஏறக்குறைய அதே 41 சதவீதம்தான். முந்தைய தேர்தல்களில் சிதறிக் கிடந்த எதிர்ப்பு வாக்குகளை, ராஜாஜியின் சுதந்திராக் கட்சியையும் மார்க்சிஸ்டுகளையும் முஸ்லிம் லீக்கையும் ஒரே அணியில் நிறுத்தி அண்ணா ஒன்றுசேர்த்தது இடங்களின் கணக்கை மாற்றியது. துப்பாக்கியால் சுடப்பட்ட எம்.ஜி.ஆர். கழுத்தில் கட்டோடு இருக்கும் சுவரொட்டி மற்றவற்றைச் செய்தது. எனவே காங்கிரசை பக்தவத்சலம் ஒருவரே வீழ்த்தினார் என்பது சரியாகாது. ஆனால் ராஜாஜியும் மார்க்சிஸ்டுகளும் ஒரே மேடையில் நிற்பதை வாக்காளர் ஏற்றுக்கொள்ள ஒரு பொதுக் கோபம் வேண்டியிருந்தது. அதை வழங்கியது அவருடைய ஆட்சி.

தோல்விக்குப்பின் தமிழ்நாட்டில் விஷக்கிருமிகள் பரவிவிட்டன என்று அவர் சொன்னதாக இன்றளவும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதில் கசப்பு இருக்கிறது. அதைவிட, மக்கள் தீர்ப்பையும் சட்டம் ஒழுங்கு அல்லது சுகாதாரப் பிரச்சினையாகவே பார்க்கும் பழைய நிர்வாகியின் கண் இருக்கிறது. பின்னாளிலும் இந்தி எதிர்ப்பு தவறான கொள்கை என்ற தன் நிலையிலிருந்து அவர் விலகவில்லை. பொதுவாழ்வில் அவருடைய குடும்பம் தொடர்ந்தது: மகள் சரோஜினி வரதப்பன் சமூகப் பணியிலும் பேத்தி ஜெயந்தி நடராஜன் மத்திய அமைச்சரவையிலும் இடம்பெற்றனர். 1987இல் தொண்ணூறை நெருங்கும் வயதில் அவர் காலமானார். கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில், காமராஜர் நினைவிடத்தின் அருகில் அவருக்கும் நினைவிடம் அமைந்தது.

அவருக்குப் பின் வந்த அரசும் அரிசியில் எளிதாகத் தப்பவில்லை. ரூபாய்க்கு ஒரு படித் திட்டத்தை 1967 மே மாதம் தொடங்கிய அண்ணா, அதைச் சென்னை, கோவை நகரங்களுக்கு அப்பால் கொண்டுசெல்ல முடியவில்லை. மொழியில் நிலைமை வேறு. 1967 இறுதியில் நாடாளுமன்றம் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி, இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத எல்லா மாநிலச் சட்டமன்றங்களும் தீர்மானம் நிறைவேற்றினாலன்றி ஆங்கிலத்தை விலக்க முடியாது என்று ஆக்கியது. நேருவின் வாக்குறுதி அப்போதுதான் சட்டமானது. 1968 ஜனவரி 23 அன்று தமிழகச் சட்டமன்றம் மும்மொழித் திட்டத்தைக் கைவிட்டு இருமொழிக் கொள்கையை ஏற்றது. அந்தத் திருத்தத்தை 1964இல் டெல்லியிடம் கேட்டுப் பெறும் இடத்தில் இருந்தவர், ஆளுங்கட்சியின் மூத்த முதலமைச்சர்களில் ஒருவரும் கட்சித் தலைவரின் சொந்த மாநிலத்தை ஆண்டவருமான பக்தவத்சலம்தான்.